மேலே இருக்கும்போதுதான் பிரேக் நழுவும்

சேலம் – உளுந்தூர்பேட்டை ரோட்டில் தியாகதுருகத்தைத் தாண்டும்போது எல்லோரும் மலையைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ஊரை ஒட்டி எழுந்து நிற்கும் பாறை, அதன் மேலே பழைய கோட்டை. ஆனால் இந்தக் கட்டுரை மேலே பார்ப்பவர்களுக்கு இல்லை. கீழே, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர்களுக்கு!

கள்ளக்குறிச்சிப் பக்கம் கிணறு என்றால் பெரும்பாலும் பாறைக் கிணறுதான். கொஞ்ச ஆழம் மண், அதற்குக் கீழே கல். கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் விவசாயிக்கு இரண்டே வழி. ஒன்று போர் போட வேண்டும், இல்லையென்றால் கிணற்றை இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும். வெட்டுவது என்று முடிவானால் கரையில் ஒரு கிரேன் வந்து நிற்கும். சினிமாவில் வருகிற ராட்சத கிரேன் எல்லாம் இல்லை. இரும்புக் கால்கள், ஒரு டீசல் இன்ஜின், கம்பி ரோப் சுற்றிய ஒரு டிரம், நுனியில் உருளை மாட்டிய ஒரு கை, அதில் தொங்கும் இரும்பு பக்கெட். அவ்வளவுதான் மொத்த மெஷினும். கீழே வெடி வைத்து உடைத்த கல்லை ஆட்கள் பக்கெட்டில் அள்ளிப் போடுவார்கள். மேலே இழுத்து, கையைத் திருப்பி, கரையில் கொட்டுவார்கள்.

கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். பக்கெட் மேலே வரும்போது இன்ஜின் கத்தும், புகை கக்கும். கீழே போகும்போது சத்தமே மாறிவிடும். ஏனென்றால் இறங்குவதற்கு இன்ஜின் தேவையில்லை! கிளட்சை விட்டால் டிரம் தனியாகிவிடும். பக்கெட்டின் எடை ரோப்பை இழுக்கும், ரோப் டிரம்மைச் சுற்றும், பக்கெட் இறங்கும். நடுவில் இருப்பது ஒரே ஒரு பிரேக். அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு மனிதர்.

அப்படிப் பிரேக் பிடிக்கிற ஒருவரின் மகன் காலேஜில் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் சேர்ந்தான். முதல் வருஷ பிராக்டிகலில் ஃபிளைவீல் என்று ஒன்று உண்டு, படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சுவரில் பதித்த கனமான இரும்புச் சக்கரம். அதன் அச்சில் ஒரு சின்ன ஆணி. நூலின் ஒரு முனையில் வளையம் போட்டு அந்த ஆணியில் மாட்டி, நூலை அச்சைச் சுற்றி வரிசையாகச் சுற்ற வேண்டும். மறுமுனையில் எடைக்கல். கையை எடுத்தால் கல் மெதுவாக இறங்கும், நூல் பிரியும், சக்கரம் சுற்றும். கல் தரையைத் தொடுகிற சமயம் நூல் ஆணியிலிருந்து கழன்று விழும். அதற்கப்புறம் சக்கரம் தானாக எத்தனை சுற்று சுற்றி நிற்கிறது, எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் பக்கத்து பேட்ச் பையன் ஏதாவது பேசிக் கெடுத்துவிடுவான், அது தனிக்கதை.

பெரும்பாலானவர்கள் இதை ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்வார்கள். "நிலைமத் திருப்புத்திறன் இவ்வளவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. இவனுக்கு மட்டும் இரண்டாவது தடவை நூல் சுற்றும்போது கை நின்றுவிட்டது. சக்கரம்தான் டிரம். எடைக்கல்தான் பக்கெட். நூல்தான் ரோப். அப்பா தினமும் செய்கிற அதே வேலை! ஒரே வித்தியாசம், இங்கே பிரேக் இல்லை. கல்லுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டிருக்கிறான்.

"ஏம்ப்பா, பக்கெட்டு எறங்கும்போது பிரேக்கை அப்படியே வுட்டுட்டா என்னாப்பா ஆகும்?"

"என்னா ஆவும்? போயிடும்."

"டிரம்மு அவ்ளோ கனமா இருக்குதே. அதைச் சுத்திக்கிட்டுதானே போவணும். கொஞ்சம் மெதுவாத்தானே போவும்?"

அப்பா பதில் சொல்லவில்லையாம். சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே, "மெதுவாப் போனதை நான் பாக்கல" என்று மட்டும் சொன்னாராம்.

இனி கொஞ்சம் பிஸிக்ஸ். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு கணக்குதான்.

ஒரு பொருளைத் திருப்புவதற்கு வெறும் விசை போதாது. அந்த விசை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர வேண்டும். கதவைக் கீல் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், புரியும். விசையையும் அந்தத் தூரத்தையும் பெருக்கினால் வருவதுதான் திருப்பு விசை. டிரம்மைச் சுற்ற வைப்பது ரோப்பின் இழுவிசை. தூரம் என்பது டிரம்மின் ஆரம்.

இங்கேதான் பரீட்சையில் நிறைய பேர் மார்க்கை விடுவது. பக்கெட்டின் எடை அப்படியே டிரம்மைத் திருப்புகிறது என்று எழுதிவிடுவார்கள். அது தப்பு. பக்கெட் சும்மா தொங்கினால்தான் ரோப்பில் முழு எடையும் இருக்கும். பக்கெட் வேகமெடுத்துக் கீழே போகிறது என்றால், எடையின் ஒரு பங்கு அந்த வேகத்தை உண்டாக்கவே செலவாகிவிட்டது. மிச்சம்தான் ரோப்பில் இருக்கும். ஆக டிரம்மைச் சுற்றுவது எடை இல்லை, எடையில் மிச்சம். கயிறே இல்லாமல் விழுகிற பொருளுக்கு மிச்சம் பூஜ்யம். அசையாமல் தொங்குகிற பொருளுக்கு மிச்சம் முழு எடை. நூல் பிரிந்து விழுகிற எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. எங்கே என்பதைத் தீர்மானிப்பது, சுற்றுகிற பொருள் சுற்ற எவ்வளவு அடம் பிடிக்கிறது என்பது. அந்த அடத்துக்குத்தான் பாடப்புத்தகம் நிலைமத் திருப்புத்திறன் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே மாதிரி மூன்று பவுடர் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலி. இன்னொன்றில் மணலைக் குலுங்காதபடி அழுத்தி நிரப்புங்கள். மூன்றாவதில் முழுக்கத் தண்ணீர், மூடியை மெழுகு வைத்து அடையுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு ஓரத்திலும் நூலைச் சுற்றி, நூல் முனைகளை மேலே ஒரே கம்பில் கட்டி, மூன்றையும் ஒரே சமயத்தில் விடுங்கள். நூல் பிரிய டப்பாக்கள் உருண்டுகொண்டே இறங்கும்.

எது முதலில் வரும்? "கனமானது" என்று பாதிப் பேர் சொல்வார்கள். மணல் டப்பாதான் அதிகக் கனம், ஆனால் ஜெயிப்பது தண்ணீர் டப்பா! ஏனென்றால் டப்பாதான் சுற்றுகிறது, உள்ளே இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் சுற்றாமல் அப்படியே கீழே வருகிறது. எடை மட்டும் போடுகிறது, சுற்றும் வேலையில் சேரவில்லை. (நம் வகுப்பிலும் அப்படிச் சிலர் உண்டு.) மணல் முழுசாகச் சேர்ந்து சுற்ற வேண்டும், அதனால் இரண்டாவது. திண்மமான உருளை இப்படி விழும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நூல்கள் தாங்குவது மூன்றில் ஒரு பங்கு எடையை மட்டும். காலி டப்பாவில் எடை எல்லாம் விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் இருக்கும் எடைதான் அதிகம் அடம் பிடிக்கும். அதனால் அது கடைசி, ஏறக்குறைய பாதி முடுக்கம். டப்பா எவ்வளவு பெரிது, எவ்வளவு எடை என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பது மட்டும்தான்.

இதையே எல்லைக்குத் தள்ளினால் மேக்ஸ்வெல் சக்கரம். மின்காந்தச் சமன்பாடுகள் தந்த அதே மேக்ஸ்வெல் பெயரில் வழங்குகிற விளையாட்டுச் சாமான். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கனத்த தட்டு, நடுவில் 6 மில்லிமீட்டர் கம்பி. நூலைத் தட்டில் சுற்றாமல் அந்தக் கம்பியின் இரண்டு பக்கமும் சுற்றித் தொங்கவிட வேண்டும். இப்போது நூல் இழுக்கும் தூரம் வெறும் 3 மில்லிமீட்டர். சுற்ற வேண்டிய தட்டோ பெரியது. கணக்குப் போட்டால் முடுக்கம் சாதாரண வீழ்ச்சியில் 140-ல் ஒரு பங்கு! அரை மீட்டர் விழ வெறும் கல்லுக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். இந்தத் தட்டுக்கு ஏறக்குறைய 4 விநாடி. சிலந்தி இறங்குவது போல இறங்கும். விழும்போது கிடைக்கிற ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது பங்குக்கு மேல் சுழற்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நூல் முடிந்ததும் அந்தச் சுழற்சியே தட்டை மறுபடி மேலே ஏற்றும். யோயோவும் இதே தத்துவம்தான், நூல் ஒன்று என்பதுதான் வித்தியாசம்.

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. அந்தத் தட்டைத் துல்லியமான தராசில் தொங்கவிட்டால் இறங்கும்போது எடை ஒரு துளி குறைவாகக் காட்டும். சரி, ஏறும்போது அதிகமாகக் காட்ட வேண்டுமே? காட்டாது! ஏறும்போதும் அதே அளவு குறைவுதான். இறங்கும்போது வேகம் கூடுகிறது, ஏறும்போது வேகம் குறைகிறது, இரண்டிலுமே முடுக்கம் கீழ்நோக்கித்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தக் குறைவுக்கெல்லாம் ஈடு எங்கே? அடியில், நூல் முடிந்து தட்டு திரும்புகிற அந்த ஒரு நொடியில். அங்கேதான் நூல் வெடுக்கென்று இழுபடும். நூல் அறுந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறும். இந்த வெடுக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கிணற்றுக்குள் மறுபடி வரும்.

நம்ம பையனும் இதுவரை வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தான். நூலில் சுற்றி விழுகிற பொருள் 140-ல் ஒரு பங்கு மெதுவாக விழ முடியும் என்றால், கனமான டிரம் அப்பாவின் பக்கெட்டையும் மெதுவாக்கும் இல்லையா? பிரேக் போனாலும் டிரம் காப்பாற்றும் இல்லையா? கிணற்றுக் கரையில் சிலர் இப்படித்தான் நம்புகிறார்கள். "டிரம்மு வெயிட்டு, சட்டுனு போவாது" என்கிற பேச்சு உண்டு.

ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். டிரம் 100 கிலோ, பக்கெட் 100 கிலோ, ஆழம் 20 மீட்டர், அதாவது 65 அடிச் சொச்சம். மெஷினுக்கு மெஷின் மாறும், இது ஒரு உதாரணம்தான். டிரம்மைத் திண்ம உருளை என்று வைத்துக்கொண்டால் அதன் அடம் பாதி எடைக்குச் சமம். 100-ஐ 150-ஆல் வகுத்தால் முடுக்கம் மூன்றில் இரண்டு பங்கு. கீழே போய்ச் சேர இரண்டரை விநாடி. டிரம்மே இல்லாமல் வெறும் பக்கெட்டைப் போட்டிருந்தால் 2 விநாடி.

கனமான டிரம் வாங்கித் தருவது அரை விநாடி!

அதுவும் காலி பக்கெட்டுக்கு. உள்ளே இரண்டு ஆள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு 230 கிலோ என்று மறுபடி போட்டான். 230-ஐ 280-ஆல் வகுக்க வேண்டும். இரண்டே கால் விநாடிகூட இல்லை. தரையில் மோதும்போது மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். பக்கெட்டில் ஆள் ஏற ஏற டிரம்மின் அடம் சின்னதாகிக்கொண்டே போகிறது, வீழ்ச்சி வெறும் வீழ்ச்சியை நெருங்குகிறது. மேக்ஸ்வெல் சக்கரத்தில் நூல் மெல்லிய அச்சில் சுற்றியிருக்கிறது, அதனால்தான் அந்த மந்தம். கிரேனில் ரோப் சுற்றியிருப்பது டிரம்மின் விளிம்பில். விளிம்பில் சுற்றினால் மந்தம் எங்கிருந்து வரும்?

ஆட்கள் பக்கெட்டில் ஏறி இறங்கலாமா என்று கேட்கலாம். கூடாதுதான். ஏணி இருக்க வேண்டும். ஆனால் அறுபது, எழுபது அடிக் கிணற்றில் ஒரு நாளைக்கு நாலு தடவை நூலேணியில் ஏறி இறங்கச் சொன்னால், வேலை முடிந்து களைத்த ஆள் பக்கெட்டைத்தான் பார்ப்பார். கோடைக்குக் கோடை பேப்பரில் வரும் "கிணறு வெட்டும்போது ரோப் அறுந்து" என்கிற செய்திகளை நாலு வரியோடு தாண்டிப் போவது நமக்கு எளிது. மாவட்டத்துக்குள் யாருக்காவது சொந்தமாக இருந்தால் அப்படித் தாண்ட முடியாது.

அந்தச் செய்திகளில் "ரோப் அறுந்து" என்று வருவதையும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ரோப் ஏன் அறுகிறது? துருப்பிடித்தது, இழை விட்டது எல்லாம் உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்டு. பிரேக் ஒரு கணம் நழுவி, பக்கெட் வேகமெடுத்து, ஆபரேட்டர் பதறிப்போய்ப் பலமாகப் பிரேக்கை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆள் உள்ள பக்கெட் ஒன்றேகால் விநாடியில் 6 மீட்டர் இறங்கி, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். அதை அரை மீட்டருக்குள் நிறுத்தினால் ரோப்பில் வரும் இழுவிசை சாதாரண எடையைப் போல 11 மடங்கு. 230 கிலோவைத் தாங்க வேண்டிய ரோப் இரண்டரை டன் தாங்க வேண்டும். நல்ல புது கம்பி ரோப் தாங்கிவிடும். பழைய ரோப்பும், வளைந்த கொக்கியும், கரையில் கல்லை அடுக்கி நிறுத்திய கிரேன் காலும் தாங்குமா? அப்படியே தாங்கினாலும், உள்ளே நிற்கிற ஆளின் முழங்காலில் 11 ஆள் எடை இறங்கும். மேக்ஸ்வெல் சக்கரத்தின் அடியில் வந்த அதே வெடுக்குதான் இது. நூலுக்குப் பதில் கம்பி, தட்டுக்குப் பதில் மனிதர்கள்.

கணக்கை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனான். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அரை விநாடி சமாச்சாரத்தை ஆச்சரியமே இல்லாமல் கேட்டுக்கொண்டார். அப்புறம் அவர் சொன்னதுதான் பையனைத் தூக்கிவாரிப் போட்டது.

"அதெல்லாம் சரிடா. ஒண்ணு கேளு. பிரேக்கு நழுவுறது எப்பவும் மேல இருக்கச்சதான். பாதி தூரம் போய்ட்டா நல்லா நிக்கும். அது ஏன்னு ஒங்க காலேஜில சொல்லிக் குடுத்தாங்களா?"

சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லப்போனால் அவன் எதிர்மாறாகத்தான் எதிர்பார்த்தான். கீழே போகப்போக வெளியே தொங்கும் ரோப்பின் எடையும் சேருமே, அப்போதுதானே பாரம் அதிகம்? இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் கிணற்றுக் கரைக்கே போய், இறங்கும்போது டிரம்மை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது பிடிபட்டது.

பக்கெட் மேலே இருக்கும்போது ரோப் முழுக்க டிரம்மில் இருக்கிறது. குறுகலான டிரம், அதனால் அடுக்கு மேல் அடுக்காகச் சுற்றியிருக்கிறது. மேல் அடுக்கு அச்சிலிருந்து தள்ளி இருக்கிறது. ஃபிளைவீலில் நூலை "ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகச் சுற்று" என்று சொல்வது இதற்காகத்தான்! ஏறினால் ஆரம் மாறிவிடும். 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள டிரம்மில் 12 மில்லிமீட்டர் ரோப் மூன்று அடுக்கு என்றால், முதல் அடுக்குக்கு ஆரம் 15.6 சென்டிமீட்டர், மூன்றாவதற்கு 18. பக்கெட்டின் எடை அதேதான். ஆனால் திருப்பு விசை எடையும் ஆரமும் பெருக்கியது. மேலே இருக்கும்போது அது நூற்றுக்குப் பதினைந்து பங்கு அதிகம். பிரேக் பட்டை பிடிக்கிற உருளையோ தனி, அதன் ஆரம் மாறாது. பட்டையின் பிடியும் மாறாது. ஆக ரோப் பிரியப் பிரிய பக்கெட்டின் கை குட்டையாகிறது, பிரேக்கின் கை அப்படியே இருக்கிறது. வெளியே தொங்கும் ரோப்பின் எடை? 20 மீட்டருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோதான். ஆள் ஏறின பக்கெட்டுக்கு முன்னால் அது ஐந்து பங்கு. பதினைந்துக்கு முன்னால் ஐந்து நிற்காது.

விளிம்பு நிலையில் இருக்கிற, தேய்ந்த பிரேக் கீழே நிற்கும், மேலே நழுவும். அப்பா பல வருஷமாகக் கையில் உணர்ந்தது இதுதான். மேலே நழுவினால்தான் விழ வேண்டிய தூரமும் முழுசாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் தேய்வதும் சும்மா இல்லை. 230 கிலோவை 20 மீட்டர் நிதானமாக இறக்கினால், அந்த ஆற்றல் முழுக்கப் பிரேக்கில் சூடாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் 45 ஆயிரம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைப் பத்துப் பதினோரு டிகிரி சூடாக்கும் அளவு. நாள் முழுக்க இறக்கிக்கொண்டே இருந்தால் பட்டை தொட முடியாதபடி கொதிக்கும். சூடேறினால் பிடி குறையும். மழையில் நனைந்தாலும் குறையும், எண்ணெய் சிந்தினாலும் குறையும். பழைய கவலை ஏற்றத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. சால் கிணற்றில் இறங்கும்போது மாடுகள் பின்னால் நடந்து வரும், அந்த நடைதான் பிரேக். மாட்டுக்குச் சூடேறினால் மரத்தடியில் கட்டிவிடலாம்!

இதற்கு உலகத்தில் தீர்வு இல்லையா என்றால் இருக்கிறது. 1854-ல் நியூயார்க்கில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மேடையில் ஏறி நின்று, உயரத்தில் வைத்து அதன் கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை. கயிற்றின் இழுவிசை அமுக்கி வைத்திருந்த ஒரு வில், இழுவிசை போனதும் விரிந்து, பக்கத்துச் சட்டங்களின் பற்களில் மாட்டிக்கொண்டது. இன்றைக்கு லிஃப்டில் யோசிக்காமல் ஏறுகிறோமே, அந்தத் தைரியம் அங்கேதான் ஆரம்பம். ஆனால் ஓட்டிஸுக்கு இரண்டு பக்கமும் சட்டம் இருந்தது. வெடி வைத்துப் பிளந்த கிணற்றுக்குள் சட்டத்துக்கு எங்கே போவது?

டிரம்மில் பல்சக்கரமும் தடுப்பு நாக்கும் போடலாமே என்று பையன் கேட்டான். அப்பா சிரித்துவிட்டார். ஏற்றும்போது அது சரி. இறக்கும்போது நாக்கைத் தூக்கி வைத்தால்தானே டிரம் திரும்பும்? ஆபத்தான சமயத்தில் அது தூக்கித்தான் இருக்கும். நியாயமான பேச்சு. மிச்சம் இருக்கிற வழி, ஆள் இறங்கும்போது கிளட்சை விடாமல், இன்ஜினோடு சேர்த்தே மெதுவாக இறக்குவது. அதற்கேற்ற கியர் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் கூடினால் தானாகப் பிடிக்கிற இன்னொரு பிரேக். இரண்டும் செலவு. மெஷின் ஓனரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். "அடுத்த சீசன்ல பாக்கலாம்" என்று பதில் வந்தது. சீசன் சீசனாக இந்தப் பதிலைக் கேட்டவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

அதுவரைக்கும் அப்பாவும் பையனும் சேர்ந்து செலவில்லாத ஒரு வேலை கண்டுபிடித்தார்கள். முன்பெல்லாம் காலையில் பிரேக்கைச் சோதிப்பது என்றால், காலி பக்கெட்டைக் கீழே வரை விட்டு, கொஞ்சம் தூக்கி நிறுத்திப் பார்ப்பார்கள். அதாவது பாரம் குறைவு, ஆரமும் குறைவு. எப்படிப்பட்ட பிரேக்கும் பாஸாகிவிடும்! இப்போது யாரும் உள்ளே இறங்குவதற்கு முன், கரையில் கிடக்கிற கல்லை அள்ளி, மூன்று ஆள் எடைக்குக் குறையாமல் பக்கெட்டில் நிரப்புகிறார்கள். ரோப் கடைசி அடுக்கு வரை டிரம்மில் ஏறியிருக்க, பக்கெட்டை உச்சியில் தொங்கவிட்டு, கிளட்சை எடுத்துவிட்டுப் பிரேக்கில் மட்டும் நிறுத்துகிறார்கள். டிரம்மின் ஓரத்திலும், பக்கத்துச் சட்டத்திலும் நேருக்கு நேராக ஒரு கோடு. அப்பா அறுபது எண்ணுகிறார். கோடு விரல் அகலம் விலகினாலும் அன்றைக்குப் பட்டையை முறுக்காமல், மாற்றாமல் யாரும் இறங்குவதில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு ஏறி, மறுபடி இறங்கும் முன்னும், பட்டை சூடாக இருக்கும்போதே, இன்னொரு தடவை அறுபது.

கோடு போடுகிற சாக்பீஸ் மட்டும் காலேஜிலிருந்து வருகிறது.